அந்தக் காட்சிக்கா விருது? சின்னத்திரை விருதுக் குழுவுக்கு ஒரு செவிலியரின் திறந்த மடல்

சின்னத்திரை விருதுகளுக்குத் தொடர்களைத் தேர்வு செய்யும் நடுவர்களுக்கும், தொடர்களைத் தயாரித்து ஒளிபரப்பும் அலைவரிசை நிர்வாகிகளுக்கும்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு உங்கள் விருது விழாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நடக்கும் கதை ஒன்றுக்கு, ஆண்டின் சிறந்த தொடர் என்று விருது கொடுத்தீர்கள். டாக்டர்கள், நர்சுகளின் தியாகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த தொடர் என்று மேடையில் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, பின்னால் இருந்த பெரிய திரையில் அதிலிருந்து ஒரு காட்சியைப் போட்டீர்கள். கதாநாயகியைப் பாம்பு கடிக்கிறது. டாக்டராக வரும் கதாநாயகன் தன் சட்டையைக் கிழித்து அவள் கையில் இறுக்கிக் கட்டுகிறான். பிளேடால் கீறுகிறான். வாயை வைத்து உறிஞ்சித் துப்புகிறான். அவள் கண்ணைத் திறக்கிறாள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

நான் டி.வி.யை அணைத்துவிட்டேன். அந்தக் காட்சியை நம்பிய ஒரு வீட்டில் ஒரு பெண் இரண்டு விரல்களை இழந்திருக்கிறாள். எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். அன்று ராத்திரி அவள் வீட்டிலும் உங்கள் விழாதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அரசு மருத்துவமனைகளில் 33 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள். பாதிக் காலம் பிரசவ வார்டு, மீதிக் காலம் கேஷுவாலிட்டி. ஓய்வு பெற்ற பிறகு காரைக்குடிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். ஓய்வு என்பது அரசாங்கத்துக்குத்தான். ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் தட்டுவது என் வீட்டுக் கதவை.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜமீன் வீடு, பண்ணையார் வீடு என்று காட்டுவதற்கு நீங்கள் தேடி வருவது இங்கேதான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் வாசலை வைத்து அடுத்த தெருவில் கொல்லை முடியும் வீடுகள். உடையவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். பின்கட்டில் காவலுக்கு ஒரு குடும்பம் இருக்கும். ஆள் புழங்காத கட்டும், சரிந்த ஓட்டுக் குவியலும், எலியும் இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கத்தான் செய்யும்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டைக் காவல் காப்பவரின் மனைவி அவள். போன ஐப்பசியில், மழை வெறித்த ஒரு சாயங்காலம், ஓட்டுக் குவியலுக்குப் பின்னால் நனையாத விறகு இருக்கிறதா என்று கையை விட்டிருக்கிறாள். வலது கை, சுண்டுவிரலுக்குக் கீழே கடி. கடித்தது கண்ணாடி விரியன்.

வீட்டுக்காரர் என்ன செய்தார்? கொடியில் கட்டியிருந்த நைலான் கயிற்றை அறுத்து முழங்கைக்கு மேலே இறுக்கினார். சவரம் பண்ணுகிற பிளேடால் கடிவாயைக் கீறினார். வாயை வைத்து உறிஞ்சித் துப்பினார். பிறகு அவளைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, கண் திறப்பாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். கடித்தது ஆறரை மணிக்கு. என் வீட்டுக் கதவைத் தட்டியது எட்டே முக்காலுக்கு.

நான் போய்ப் பார்த்தபோது கீறின இடத்தில் ரத்தம் நிற்காமல் ஊறிக்கொண்டே இருந்தது. பாய் நனைந்து தரையில் ஓடியிருந்தது. ஈறிலும் ரத்தக் கசிவு. கயிறு சதைக்குள் புதைந்துபோய், அதற்குக் கீழே கை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். கண்ணாடி வளையல் நான்கும் வீக்கத்துக்குள் அமுங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக நானே உடைத்து எடுத்தேன். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நாடகத்துல டாக்டரே அப்புடித்தானக்கா செஞ்சாக. அந்தப் புள்ள பொழச்சுக்கிருச்சே. இவ ஏங்க்கா எந்திரிக்க மாட்டேங்குறா?"

அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? உங்களிடம்தான் கேட்கிறேன்.

108 வந்தது. கயிற்றை வழியில் அவிழ்க்க என்னால் முடியவில்லை. அத்தனை நேரம் இறுக்கிக் கட்டிய கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷமெல்லாம் ஒரே வீச்சில் உடம்புக்குள் ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் மெல்ல அவிழ்க்க வேண்டும். அதனால் அந்தக் கை செத்துக்கொண்டிருப்பது தெரிந்தும், கட்டோடுதான் கூட்டிக்கொண்டு போனேன். 33 வருட வேலையில் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பயணங்கள் அதிகம் கிடையாது.

கேஷுவாலிட்டியில் விரியன் கடிக்குச் செய்யும் முதல் சோதனை மிகவும் எளிமையானது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து கட்டியாக நின்றால் நிம்மதி. அவள் ரத்தத்தைச் சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. உறையும் சக்தியே போய்விட்ட உடம்பில்தான் அந்தப் பிளேடு கீறியிருக்கிறது. உங்கள் கதாநாயகன் கீறினால் ஒரு சொட்டு வரும், துடைத்தால் நின்றுவிடும். நிஜத்தில் விரியன் கடித்த கையைக் கீறினால் நிற்காது.

விஷமுறிவு மருந்து முதல் தவணையாக 10 குப்பி ஏற்றினார்கள். மறுநாள் சிறுநீர் குறைந்தது, மதுரைக்கு அனுப்பினார்கள், டயாலிசிஸ் நடந்தது. பதினெட்டு நாள் கழித்து வீடு திரும்பினாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பலகாரத்துக்கு மாவு பிசைந்து, முறுக்குப் பிழிந்து கொடுத்துச் சம்பாதித்த கை அது.

நியாயமாகவே பேசுகிறேன். கண்ணாடி விரியன் விஷம் சதையை அழிக்கக்கூடியதுதான். கயிறு கட்டாமலே விரல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரத்த ஓட்டம் நின்ற இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேலான நேரம் எந்தப் பாம்பின் கணக்கிலும் வராது. பாம்பு கடித்த பதினைந்தாவது நிமிடம் ஆட்டோவில் ஏற்றியிருந்தால் எட்டு மணிக்குள் மருந்து ஏறியிருக்கும். கிளம்பவிடாமல் அவரைப் பாய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்தது அந்தக் காட்சி.

இந்த மடலை நான் எழுதக் காரணம் இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் விருது பெற்ற அந்தத் தொடரின் ஆஸ்பத்திரிக் காட்சிகளில் சில எங்கள் தெருவிலேயே எடுக்கப்பட்டவை. பூட்டிக் கிடந்த வீடு ஒன்றின் இரண்டாம் கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த நீளக் கூடத்தில், நான்கு இரும்புக் கட்டிலைப் போட்டுப் பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் போனேன். நடிகை கண்ணை மூடிப் படுத்திருந்தார். புறங்கையில் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்திரி, பஞ்சுக்குள் ட்ரிப் குழாயின் நுனி. நடிக்கிற பெண்ணுக்கு ஊசி குத்த வேண்டியதில்லை, அது சரிதான். ஆனால் செலைன் பாட்டில் அவர் கைக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளை முழுக்க மூடியிருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கின் குழாய் கட்டிலுக்கு அடியில் எதிலும் சேராமல் தரையில் கிடந்தது.

அங்கே நின்ற உதவி இயக்குநர் தம்பியிடம் போய், பாட்டிலைக் கைக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும், இப்படி இருந்தால் ரத்தம்தான் குழாயில் ஏறும் என்று சொன்னேன். மரியாதையான பிள்ளை. "ஃபிரேமுக்குள்ள பாட்டில் வரணும்மா. இதையெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க?" என்றார். பேச்சோடு பேச்சாக, அடுத்து பாம்புக்கடிக் காட்சி வரப்போகிறது என்றும் சொன்னார். எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். சொன்னார். நான் அவரை உட்காரவைத்து, கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஏன் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். "வாய வச்சு உறிஞ்சினாத்தான் ஹீரோவோட காதல் ஜனங்களுக்குப் புரியும்னு சொல்றாங்கம்மா."

தெரியாமல் நடந்த பிழை என்று நீங்கள் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படப்பிடிப்புத் தளத்தில், காட்சி எடுப்பதற்கு முன்பே, ஒரு செவிலியர் சொன்னாள். கேட்கவில்லை. அதே காட்சியைத்தான் நீங்கள் மேடையில் போட்டுக் கை தட்டினீர்கள்.

கதைதானே என்பீர்கள். மருத்துவத் தொடருக்கு விருது கொடுப்பதை வேறு இடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.

என் மகள் இங்கிலாந்தில் செவிலியர். அவள் பிரசவத்துக்காக 2023 டிசம்பரில் போய் நான்கு மாதம் இருந்தேன். சனிக்கிழமை இரவு அவள் வீட்டில் ஒரு தொடர் ஓடும். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: 'கேஷுவல்டி'. நான் வேலை பார்த்த வார்டின் பெயரேதான். பி.பி.சி.யில் 1986 செப்டம்பரில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவை வைத்து உலகத்திலேயே நீண்ட காலமாக ஓடும் தொடர் என்று மகள் சொன்னாள். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் கை புரிந்தது. நரம்பைத் தேடும்போது இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பது, ஊசி உள்ளே போனதும் கட்டை முதலில் அவிழ்ப்பது, ஊசியைக் குப்பைக் கூடையில் போடாமல் அதற்கான டப்பாவில் போடுவது, ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகும் முன் கை கழுவுவது. வசனம் இல்லாத இடத்திலும் அந்தக் கைகள் வேலை செய்துகொண்டே இருந்தன. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் தொடரின் நடுநாயகப் பாத்திரம் யார் தெரியுமா? பெரிய டாக்டர் இல்லை. சார்லி என்ற ஆண் செவிலியர். டெரெக் தாம்ப்சன் என்ற நடிகர் 1986 முதல் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். பிரிஸ்டல் நகரத்து மருத்துவமனையில் வேலை பார்த்த பீட்டர் சால்ட் என்ற நிஜச் செவிலியரைப் பார்த்து உருவாக்கிய பாத்திரம் அது. அந்தச் செவிலியரையே தொடரின் மருத்துவ ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் சார்லி விடைபெற்ற அத்தியாயம் ஒளிபரப்பானபோது நான் அங்கேதான் இருந்தேன். மகளோடு வேலை பார்க்கும் கேரளத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூவரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஒரு செவிலியரின் ஓய்வை ஒரு நாடே உட்கார்ந்து பார்க்கும் என்று நான் அதற்கு முன் நினைத்ததே இல்லை.

அந்தத் தொடருக்கு, அந்த நாட்டின் பெரிய விருதான பாஃப்டாவை, தொடர் நாடகங்களுக்கான பிரிவில் 2007-இல் கொடுத்தார்கள். 2018-இல் கொடுத்தார்கள். சார்லி போன 2024-இலும் கொடுத்தார்கள். 38 வருடம் ஓடிய பிறகும் விருதுக்கு உரியதாக நிற்கிறது என்றால், அங்கே செட்டில் ஒரு செவிலியர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் 'இ.ஆர்.' தொடரும் அப்படித்தான். 1994-இலிருந்து 2009 வரை 15 பருவம், 331 அத்தியாயம். அந்த நாட்டுத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மிக்கு 124 முறை பரிந்துரைக்கப்பட்டது. 1996-இல் சிறந்த தொடருக்கான எம்மியையே வாங்கியது. அதை உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். அதன் முதல் பருவத்தில் ஒரு பிரசவக் கதை வருகிறது. நிறைமாதப் பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிக்கொண்டிருப்பதை டாக்டர் கவனிக்காமல், சிறுநீர்த் தொற்று என்று நினைத்து அனுப்பிவிடுகிறார். வலிப்பு வருகிறது. குழந்தை பிழைக்கிறது, தாய் பிழைக்கவில்லை. நல்லவரான கதாநாயகன் தவறு செய்கிறார், அந்தத் தவறுக்கு ஒரு உயிர் போகிறது. அதை எழுதியவர் லான்ஸ் ஜென்டைல், அவசரச் சிகிச்சை மருத்துவர். 1995-இல் எழுத்துக்கு அவருக்கும், இயக்கத்துக்கு மிமி லெடருக்கும் எம்மி கொடுத்தார்கள். மகள் எனக்கு அதைப் போட்டுக் காட்டினாள். பிரசவ வார்டில் வலிப்பு வந்த தாயின் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலிப்பை நிறுத்தும் மக்னீசியம் சல்ஃபேட் ஊசியை உடைக்கக் கை நடுங்க நின்ற இரவுகள் எனக்கு உண்டு. நடுவில் எழுந்து போய்விட்டேன். அப்படி ஓர் உண்மை அதில் இருந்தது. அதற்குத்தான் விருது கொடுத்தார்கள்.

விருது வாங்கிவிட்டதால் அந்தத் தொடர்களை யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிடவும் இல்லை. 'இ.ஆர்.' உள்பட மூன்று தொடர்களில் நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் காட்சிகள் மொத்தம் 60-ஐ மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அதில் 75 விழுக்காடு பேர் உடனே பிழைத்துவிடுகிறார்கள், நிஜத்தில் அப்படிக் கிடையாது, ஜனங்கள் இதை நம்பி ஏமாறுவார்கள் என்று 1996-இல் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். 'கேஷுவல்டி'யில் அதே 1996-இல் ஒருவர் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்குவதாக ஒரு கதை வந்தது. அது ஒளிபரப்பான வாரம், தனக்குத்தானே விஷமேற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 17 விழுக்காடு கூடியது. அடுத்த வாரம் 9 விழுக்காடு. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1999-இல் வந்த ஆய்வு இது. கதைதானே என்று இனிமேல் சொல்லாதீர்கள். கவனமாக எடுத்த தொடரிலேயே ஒரு காட்சி இவ்வளவு செய்கிறது.

நம் தொடர்களில் விஷம் குடிக்காத கதாநாயகி யார்? குடிப்பாள், இரண்டு நாள் மாஸ்க்கோடு படுத்திருப்பாள், மூன்றாம் நாள் மாமியார் மனம் திருந்திக் கஞ்சி ஊட்டுவார். பதினெட்டு வயதுப் பெண்கள், வீட்டில் திட்டினார்கள் என்று எதையோ குடித்துவிட்டு, பிழைத்துக்கொள்வோம் என்ற நம்பிக்கையோடு கேஷுவாலிட்டிக்கு வந்து, ஐந்தாம் நாள் "சிஸ்டர், நான் வீட்டுக்குப் போகணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பாம்புக்கடிக்கே வருகிறேன். இந்தியாவில் 2000-இலிருந்து 2019 வரை பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. வருடத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனம், வயலிலும் வீட்டைச் சுற்றியும் கடிபட்டவர்கள். உங்கள் தொடரை ஆறு நாளும் விடாமல் பார்ப்பவர்களும் இவர்கள்தான். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம் கணக்கு எடுக்கிற அளவுக்கு முக்கியமான ஒன்றை நீங்கள் காதல் காட்சியாக வைத்திருக்கிறீர்கள்.

அந்த விஷமுறிவு மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருகிறது என்றாவது உங்கள் கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றித்தான் மருந்து தயாராகிறது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, கேஷுவாலிட்டியில் நான் உடைத்த குப்பிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. யாருடைய கை பட்டு அது என் கைக்கு வந்தது என்று அத்தனை வருடம் நான் யோசித்ததில்லை. இந்தக் கதையை எடுங்கள். இதில் காதலும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, அழுகையும் இருக்கிறது. வாயை வைத்து உறிஞ்ச வேண்டிய அவசியம் மட்டும் இல்லை.

இனி என் கோரிக்கைகள். வேண்டுகோள் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

நடுவர் குழுவில் அடுத்த ஆண்டு முதல் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இருக்க வேண்டும். செவிலியர் என்று அழுத்திச் சொல்கிறேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நோயாளியோடு இருப்பது நாங்கள். ஆஸ்பத்திரியைக் காட்டும் எந்தத் தொடரும் விருதுக்கு வந்தால், அதன் சிகிச்சைக் காட்சிகளை இவர்கள் இருவரும் பார்த்து ஒப்பிய பிறகுதான் மற்ற நடுவர்கள் மதிப்பெண் போட வேண்டும். பார்க்கிறவர் வீட்டில் செய்து பார்த்தால் உயிர் போகும் காட்சி ஒன்று இருந்தாலும், நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தத் தொடருக்கு விருது கிடையாது என்று விதியிலேயே எழுதுங்கள்.

அலைவரிசை நிர்வாகிகளே, சிகிச்சைக் காட்சியைப் படமெடுப்பதற்கு முன் அதை எழுதிய தாளை மருத்துவம் தெரிந்த ஒருவர் படிக்கட்டும், படப்பிடிப்பு நாளில் தளத்தில் இருக்கட்டும், அவர் பெயரைத் தொடரின் பெயர்ப் பட்டியலில் போடுங்கள். பெயர் போட்டால் பொறுப்பு வரும். ஓய்வு பெற்ற செவிலியர்கள் இந்த மாவட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறோம். செட்டிநாட்டில் எந்த வீட்டில் நீங்கள் படம் எடுத்தாலும் ஒரு போன் போதும், நான் வருகிறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம்.

விஷம் குடிக்கும் காட்சியை, தற்கொலை முயற்சியை, கதையை நகர்த்தும் கருவியாக வைப்பதை நிறுத்துங்கள். தவிர்க்கவே முடியாத கதை என்றால், எதைக் குடித்தாள், எப்படிக் குடித்தாள் என்று காட்டாதீர்கள். உதவிக்கு 104-ஐ அழைக்கலாம் என்று திரையில் போடுங்கள்.

விருது பெற்ற அந்தப் பாம்புக்கடிக் காட்சி இன்னும் இணையத்தில் தனியாக வெட்டிப் போடப்பட்டுக் கிடக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறார்கள். அதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு, அந்தத் தொடர் வரும் அதே மாலை நேரத்தில், டாக்டராக நடித்த அதே நடிகரைக் கொண்டு அரை நிமிடம் பேசவையுங்கள். அவர் சொன்னால்தான் கேட்பார்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். உறிஞ்சாதீர்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இதை மழைக்காலம் முடியும்வரை தினமும் போடுங்கள். நாங்கள் வீட்டுக்கு வீடு பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.